பசியும் பேச்சுத்துணையும்: மரக்காணம் உப்பளக் கரையில் முதியோரின் மனநலம்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பளம் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியும் இடம் இது. கழுவேலி ஏரி கடலைத் தொடும் கழிமுகமும் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்து இந்தக் கரையின் பெயரைச் சொல்வார்கள். மழை ஓய்ந்ததும் ஜனவரியில் பாத்திகளைச் சீர்படுத்தி, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். மாசி, பங்குனியில் வெயில் ஏற உப்பு விளையத் தொடங்கும். சித்திரையும் வைகாசியும்தான் உச்சம். ஆண்கள் உப்பை வாரிக் கூட்ட, பெண்கள் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிடும். பிறகு தை பிறக்கும்வரை அளத்தில் வேலை கிடையாது.

இந்த வேலையில் ஓய்வுபெறும் நாள் என்று ஒன்று இல்லை. ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்போது சுமக்கும் பெண்ணின் கழுத்தோ முழங்காலோ கூடையைத் தாங்க மறுத்திருக்கும், அவ்வளவுதான். அளத்துக்காரர் அவரை வேண்டாம் என்று சொல்லவும் தேவையிருக்காது. அவராகவே வீட்டில் நின்றுவிடுவார். அதன் பிறகு அவர் குறைவாகச் சாப்பிடுகிறார், இரவில் விழித்துக் கிடக்கிறார், பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார். மகன் அதைப் பார்த்து "வயசானா அப்படித்தான்" என்கிறான். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல நேரம் அதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். முதியவரும் அதை நம்பிவிடுகிறார். இதில் உண்மை எவ்வளவு என்று பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. அதை வைத்து இந்தக் கரையைப் பார்த்தால், வயதின் தலையில் நாம் ஏற்றிவைக்கும் துயரத்தில் பெரும்பகுதி வயதைச் சேர்ந்ததல்ல என்பது தெரியவரும்.

அந்தச் சான்று வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி ஒன்றியத்திலிருந்து வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகளாக அங்கே ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்களை வைத்து, பிறப்பையும் இறப்பையும் வீடு தவறாமல் பதிந்து வருகிறது. இந்தியக் கிராமங்களில் இப்படி நம்பத்தக்க பதிவேடு உள்ள இடங்கள் மிகக் குறைவு. 10/66 மறதிநோய் ஆய்வுக் குழு என்ற உலகளாவிய கூட்டமைப்பு, தமிழ்நாட்டில் நகர்ப்புறத்துக்குச் சென்னையையும் கிராமப்புறத்துக்கு வேலூரையும் களமாக எடுத்துக்கொண்டது. உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை. அந்தக் கணக்கையே குழு தன் பெயராக வைத்துக்கொண்டது.

கணியம்பாடியில் 65 வயதைக் கடந்த ஆயிரம் பேரைச் சந்தித்துக் கிடைத்த முடிவுகளை ஆன்டோ ராஜ்குமார், கே.எஸ். ஜேக்கப் உள்ளிட்ட மனநல மருத்துவர்கள் 2009இல் வெளியிட்டார்கள். முந்தைய ஒரு மாதத்தில் நோய் என்று சொல்லத்தக்க மனச்சோர்வு இருந்தவர்கள் 12.7 விழுக்காடு. எட்டு முதியவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் காரணங்களோடு மனச்சோர்வு சேர்ந்து வந்தது என்ற பட்டியல்தான் இன்னும் கவனிக்கத்தக்கது. வயது அதில் இல்லை. 65 வயதுக்காரரைவிட 80 வயதுக்காரருக்கு மனச்சோர்வு கூடுதல் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. பெண்ணாக இருப்பதோ, உடல் இயலாமையோ, நினைவுத்திறன் குறைவோகூடத் தனிக் காரணமாகத் தேறவில்லை. தேறியவை வேறு. வருமானம் குறைந்தவர்களிடம் மனச்சோர்வின் வாய்ப்பு 1.78 மடங்கு. பசியோடு இருந்தவர்களிடம் 2.58 மடங்கு. நீரிழிவு இருந்தால் 2.33 மடங்கு, இதயநோய் கண்டிருந்தால் 4.75 மடங்கு. மனத்தில் இருப்பதைச் சொல்லிக்கொள்ள ஆட்கள் கூடுதலாக இருந்தவர்களிடமோ வாய்ப்பு 0.13 ஆகச் சரிந்திருந்தது. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

இந்தக் கடைசி எண்ணைப் படிக்கையில் எனக்குச் சற்று நேரம் மேலே படிக்க ஓடவில்லை. இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டும் மாத்திரை ஒன்று இருந்தால் அது நாட்டின் ஒவ்வொரு மருந்தகத்திலும் இருக்கும்.

இதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஒரே வேளையில் எடுத்த கணக்கெடுப்பால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல முடியாது. மனம் சோர்ந்தவர் தானாகவே மனிதர்களிடமிருந்து விலகுவார், சோறும் இறங்காது. ஆகவே பேச்சுத்துணை இல்லாமையும் பசியும் மனச்சோர்வின் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டுமாகவே இருக்கும், ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போகும். இதனால் அந்த எண்களின் மதிப்பு குறையவில்லை. எந்த முனையில் பிடித்தாலும் அந்தச் சுழலை அறுக்கலாம் என்றுதான் ஆகிறது.

கணியம்பாடி உள்நாட்டு வேளாண் ஊர், மரக்காணம் கடற்கரை. மண்ணும் தொழிலும் வேறு. ஆனாலும் அந்த ஆய்வு சுட்டிய காரணங்களை ஒவ்வொன்றாக இந்தக் கரையில் வைத்துப் பார்த்தால், அவை இங்கே தனித்தனியாக வருவதில்லை என்று தோன்றுகிறது. உப்பளத்தை விட்டு நிற்கும் ஒரே நிகழ்வில் வருமானம், சோறு, பேச்சு மூன்றும் சேர்ந்து போய்விடுகின்றன.

முதலில் சோறு. நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில் பசி எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. அரிசி இருப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவில் எத்தனையோ இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவர் தனக்கென்று அடுப்பு மூட்ட அலுத்துக்கொள்வார். காலையில் வடித்ததே இரவுக்கும் ஆகும், தொட்டுக்கொள்ள ஊறுகாயோ பச்சைமிளகாயோ போதும் என்றாகிவிடும். பல் போனவருக்குக் கருவாடு கடிக்க முடியாது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் காசு வேண்டும். மகன் வீட்டில் இருப்பவரின் பசி இன்னும் மறைவானது. சம்பாதிக்காத வாய் என்ற கூச்சத்தில் "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று எழுந்துபோகும் கிழவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கடையில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் உப்பும் உப்புநீரும் அரித்த விரலில் ரேகை எளிதில் பதியாது. "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்ற ஒரு சொல் முதியவருக்கு இன்னொரு நடையாகவும், சில சமயம் இன்னொரு பட்டினியாகவும் ஆகியிருக்கிறது.

பணத்தின் கதை நீண்டது. இந்தியாவில் முதியோர் ஓய்வூதியத்தை முன்னோடியாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. 1962இல் மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். 2011இல் அது 1,000 ரூபாயாகி, 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாக இருக்கிறது. இதில் 60 முதல் 79 வயதுள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய், அதுவும் பல ஆண்டுகளாக அசையவில்லை. 1,200 ரூபாய் என்றால் நாளுக்கு 40 ரூபாய். மருத்துவமனைக்குப் பேருந்து, வெற்றிலை பாக்கு, பேரப்பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் எல்லாம் இதற்குள்ளேதான். அந்தப் பிஸ்கட் பொட்டலத்தைச் சிறிதாக எண்ணக்கூடாது. வீட்டில் ஒருவருக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்க முடிகிற வரைக்கும் முதியவரின் இடம் நிலைத்திருக்கிறது. கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதபோது அவர் தன்னைத்தானே சுமை என்று எண்ணத் தொடங்குகிறார். மனச்சோர்வை அளக்கும் பல கேள்வித்தாள்களிலும் பயனற்றவன் என்ற உணர்வைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும். அதற்கான விடையில் பாதி வீட்டுக் கணக்கில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது பேச்சு. உப்பளத்து வேலையின் கொடுமையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வேலைக்கு உள்ளே இருந்த ஒன்றை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததில்லை. விடியுமுன் சேர்ந்து நடந்து போகிற நடை, வரப்பில் வரிசையாய்ச் சுமக்கும்போது முன்னால் போகிறவளிடம் சொல்லும் வீட்டுக் கதை, வெயில் ஏறியதும் நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து குழம்பை மாற்றிக்கொள்ளும் அரைமணி நேரம். முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருத்திக்குத் தன் மனத்தைத் திறக்க வாய்த்த இடம் அந்த வரப்புதான். கணவனிடம் சொல்ல முடியாததை, மருமகளிடம் சொல்லக் கூடாததை அங்கேதான் சொன்னாள். வேலையை விட்டு நின்றதும் அந்த மனிதர்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைச் சந்திக்கும் காரணம் போய்விட்டது. முழங்கால் வலிக்கு நாலு தெரு தாண்டுவதும் பெரிய பயணம்.

பிள்ளைகள் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கோ போய்விட்ட வீடுகளில் இது இன்னும் கடுமை. வாரம் ஒருமுறை கைபேசியில் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்றுதான் பதில் வரும். தொலைவில் இருக்கும் பிள்ளையிடம் துயரத்தைச் சொல்லி அவன் வேலையைக் கெடுக்கக் கூடாது என்பது இந்தத் தாய்மார்களின் அறம். அந்த அறத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை யாருக்கும் தெரிவதில்லை.

மரக்காணத்துக்கு ஒரு புதிய காயமும் உண்டு. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இந்தப் பகுதியில் 14 பேர் இறந்தார்கள். அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. வழக்கு, கைது, அரசியல் என்று செய்தி சில வாரம் ஓடியது. இறந்த மகனுக்குக் கொள்ளிவைக்கக் கண்ட தகப்பனின், தாயின் துக்கத்தைத் தொடர்ந்து போய்க் கேட்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. குடியால் போன சாவு என்பதால் வெட்கமும் சேர்ந்துகொள்ள, அழுகைகூட அடக்கமாகவே நடக்கும். முதுமையில் பிள்ளையை இழப்பது மனச்சோர்வுக்கு மிகக் கூர்மையான வழிகளில் ஒன்று. அந்தத் துக்கத்தை ஊர் பேசத் தயங்கினால் சொல்லிக்கொள்ள இருந்த ஓரிருவரும் விலகிப்போவார்கள்.

இனி உடம்பு. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதைக் கண்டார்கள். 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. மறைப்பில்லாத இடத்தில் சிறுநீர் கழிக்க நேரும் என்பதால் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமலேயே இருக்கும் பெண்களை உப்பளங்களில் காணலாம். பாத்தியிலிருந்து எழும் கண்கூசும் ஒளியும், வெடித்துப் புண்ணாகும் பாதங்களும் இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தவை. இவர்கள் முதுமைக்குள் நுழையும்போதே நோயோடு நுழைகிறார்கள். கணியம்பாடிப் பட்டியலில் நீரிழிவும் இதயநோயும் இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு இப்படி இருப்பதால் மனத்தின் நோயும் உடம்பின் மொழியிலேயே வெளிவருகிறது. "நெஞ்சு படபடன்னு வருது", "கை கால் ஓஞ்சு போச்சு", "தூக்கமே புடிக்கல", "உள்ளுக்குள்ள எரியுது" என்றுதான் சொல்வார்கள். சத்து ஊசியோ, ஒரு பாட்டில் குளுக்கோஸோ கேட்பார்கள். மருத்துவருக்கு முன்னால் நூறு பேர் நிற்கும்போது ஊசி போட்டு அனுப்புவது எளிது. இதன் அளவை நாடு தழுவிய கணக்கில் பார்க்கலாம். 45 வயதைத் தாண்டிய 72,000க்கும் மேற்பட்டோரை 2017-18இல் சந்தித்த லாசி எனப்படும் இந்திய முதுமை ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டோரில் மருத்துவர் தமக்கு மனச்சோர்வு என்று கண்டறிந்ததாகச் சொன்னவர்கள் 0.8 விழுக்காடு. அதே மக்களிடம் அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணித்தபோது 8.3 விழுக்காடு. பத்துப் பேரில் ஒன்பது பேரின் நோய்க்கு யாரும் பெயர் சொன்னதில்லை.

கேட்கும் முறையிலும் சிக்கல் உண்டு. உலகெங்கும் பயன்படும் முதியோர் மனச்சோர்வு அளவுகோல் 1980களில் அமெரிக்காவில் உருவானது. வெளியே போக மனமில்லாமல் வீட்டிலேயே இருக்கிறீர்களா என்ற பொருளில் அதில் ஒரு கேள்வி வரும். முழங்கால் தேய்ந்த உப்பளப் பெண் ஆம் என்றுதான் சொல்வாள். அதில் மனத்துக்கு எவ்வளவு, மூட்டுக்கு எவ்வளவு என்று பிரித்தறிய ஊரை அறிந்தவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். துயரத்தையெல்லாம் நோயாக்கி மாத்திரை எழுதிவிடும் போக்கை எதிர்த்து ஜேக்கப் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் நம் ஊர்ப்புறங்களில் இன்றைய ஆபத்து பெரும்பாலும் மறுபக்கத்தில் இருக்கிறது. மருந்து தேவைப்படும் கடுமையான மனச்சோர்வுகூட வயதின் கணக்கில் எழுதப்பட்டு அப்படியே விடப்படுகிறது.

மறதிநோயின் கதையும் இதைப் போன்றதுதான். 10/66 குழு 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டில், அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறையை அப்படியே வைத்துப் பார்த்தால் கியூபாவில் 6.3 விழுக்காடாக இருந்த மறதிநோய் இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 விழுக்காடு. இங்குள்ள முதியவர்கள் அவ்வளவு கொடுத்துவைத்தவர்களா? இல்லை. அன்றாட வேலைகளில் தடுமாற்றம் இருப்பதாகக் குடும்பத்தார் சொன்னால்தான் அந்த வரையறைப்படி நோய். இங்கே தாத்தாவிடம் யாரும் கணக்கு கேட்பதில்லை, ஆயாவை யாரும் சமைக்கச் சொல்வதில்லை. ஆகவே தடுமாற்றம் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் சொல்ல மனம் வராது. எழுத்தறியாதவருக்கும் பொருந்தும்படி அந்தக் குழுவே வகுத்த முறையில் எண்ணியபோது எண்ணிக்கை பல மடங்காகியது. லாசியின் துணை ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் கணித்தது. மனச்சோர்வு சில சமயம் மறதிபோலத் தோற்றம் காட்டும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். மனச்சோர்வால் வந்த மறதி பெரும்பாலும் சிகிச்சையில் தேறக்கூடியது.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கணியம்பாடியின் அதே பதிவேட்டை வைத்து ஆபிரகாமும் ஜேக்கப்பும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 55 வயதைத் தாண்டியவர்களிடையே தற்கொலை ஆண்டுக்கு லட்சத்துக்கு 189. வயது கூடக் கூட விகிதமும் கூடியது. எல்லா வயதினருக்கும் சேர்த்து அதே ஒன்றியத்தில் லட்சத்துக்கு 95 என்று அதற்கு முன்பே கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் காவல்துறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் விகிதம் 11ஐ ஒட்டியே இருந்தது. இறப்பு நடந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்ட பதிவேட்டுக்கும் காவல் நிலையக் கணக்கிற்கும் உள்ள தொலைவு அது. இளைஞரின் தற்கொலைக்கு ஊர் கூடுகிறது, செய்தி வருகிறது. முதியவரின் மரணம் நோய் தாங்காமல் என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அதைப் புலம்பல் என்று விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். 14416 என்ற எண்ணில் "நட்புடன் உங்களோடு" மனநல சேவை எந்நேரமும் தமிழில் பேசுகிறது. முதியோருக்கான உதவி எண் 14567.

புயலையும் பேரலையையும் குறிப்பிடாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை விழுப்புரத்துக் குப்பங்களையும் தாக்கியது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டியே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது உள்நாட்டில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டு மீனவ ஊர் ஒன்றில் எடுத்து 2007இல் வெளியான ஆய்வு, பேரிடருக்குப் பிந்தைய மன அதிர்ச்சி நோய் 12.7 விழுக்காட்டினருக்கு இருப்பதாகக் கண்டது. பெண்களிடமும், அலையில் காயமுற்றவர்களிடமும், வீட்டில் வருமானமே இல்லாதவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. அலை எல்லார் வீட்டுக்குள்ளும் புகுந்தது, ஆனால் வருமானம் அற்ற வீட்டில் அது நெடுநாள் தங்கியது. மரக்காணத்தின் நாள்காட்டியை இதோடு சேர்த்துப் படித்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏன் அஞ்ச வேண்டிய காலம் என்று புரியும். அளம் மூடியிருக்கிறது, கையில் காசில்லை, குடிசை ஒழுகுகிறது, புயல் அறிவிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. முன்பு பார்த்த அலையை உடம்பு மறந்திருக்காது.

என்ன செய்யலாம் என்பதற்கு உறுதியான விடை ஒன்று கோவாவிலிருந்து கிடைத்திருக்கிறது. அமித் டயஸ், விக்ரம் படேல், சார்லஸ் ரெனால்ட்ஸ் உள்ளிட்டோர் அங்கே 60 வயதைக் கடந்த 181 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் இருந்தன, நோய் இன்னும் முற்றவில்லை. ஒரு பாதியினரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் போனார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல, செவிலியரும் அல்ல. வாழ்க்கைச் சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்து வழிதேடக் கற்றுக்கொடுத்தார்கள். தூக்கத்தைச் சீராக்கவும், வலியையும் சர்க்கரையையும் கவனித்துக்கொள்ளவும் சொல்லித்தந்தார்கள். அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றார்கள். ஓராண்டில் அவர்களிடையே முழு மனச்சோர்வு வந்தவர்கள் 4.4 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற மற்றப் பாதியில் 14.4 விழுக்காடு. 2019இல் வெளியான இந்த முடிவில் என்னை மிகவும் ஈர்ப்பது, அரசு உதவிகளைப் பெறத் துணைநிற்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமாக இருந்தது என்பதுதான்.

இதைச் செய்யத் தமிழ்நாட்டிடம் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தப் பெண் அதே ஊர்க்காரி, வாசலில் நின்று பேச உரிமை உள்ளவள். மாத்திரையோடு இரண்டு கேள்விகளையும் அவள் கொண்டுபோக வேண்டும் என்பது என் வேண்டுகோள். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "ஆயா, ராத்திரி என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டால் உண்மை வரும். இரண்டாவது, "மனசு கஷ்டமா இருந்தா யார்கிட்ட ஆயா சொல்லுவீங்க?" இதற்கு ஒரு பெயரும் வராத வீட்டைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரமும் போக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அந்தக் குறிப்பு சேர வேண்டும். இந்தக் கரையிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால் பேருந்து மாறி ஒரு பகலே கழிந்துவிடும். புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான் என்றாலும் துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி போகும். ஆகவே மரக்காணத்திலேயே மாதத்தில் குறித்த நாளில் மனநல மருத்துவர் வந்து உட்காருவது ஒன்றும் பெரிய கோரிக்கையல்ல. கூடுதல் வேலைக்கு அந்தத் தன்னார்வலருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இன்னொரு ஏழைப் பெண்ணின் கூலியில்லாத உழைப்பில் இந்தத் திட்டம் நிற்கக் கூடாது.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு நல்ல மரபு இருக்கிறது. மருத்துவர் வ.செ. நடராசன் 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவைக் கொண்டுவந்தார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் அந்த மரபு இன்னும் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி மாநில மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60ஐக் கடந்தவர்கள். 2031இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மழைமாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2022இல் அரசு தொடங்கியது. நல்ல தொடக்கம். இது வேலையில் இருப்பவரை மனத்தில் வைத்து வகுத்த உதவி. கூடை தூக்க முடியாமல் நின்றுபோனவரும் அதே மழையில்தான் இருக்கிறார், ஆகவே அளத்தில் இத்தனை ஆண்டு உழைத்த முதியவருக்கும் அதை நீட்டிக்க வேண்டும். அந்தப் பணம் கொடுக்கும் நாளில் பெண்கள் மறுபடி ஒரே இடத்தில் கூடுவார்கள். வங்கி வாசலில் நிற்க வைக்காமல் ஊர்ச் சாவடியிலோ பள்ளிக்கூடத்திலோ பாய் விரித்து, ஒரு வேளைச் சோறும் போட்டு, பழைய சோடிகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொடுக்கலாம். செப்டம்பரிலேயே ஒவ்வொரு குப்பத்திலும் காலனியிலும் இரவில் தனியாகப் படுப்பவர் யார், முகாமுக்கு நடந்து வர முடியாதவர் யார், மருந்து தீர்ந்தால் வாங்கித்தர ஆளில்லாதவர் யார் என்று எழுதிவிட வேண்டும். நவம்பரில் புயல் திரண்ட பிறகு அந்தப் பெயர்களைத் தேட நேரம் இருக்காது.